நான்கு ஆண்டுகளாக செயின் சா மில்லில் மரம் அறுத்த அனுபவம்

சாய்ந்துபோன ஒரு பெரிய மாமரத்தை விறகுக்குத் துண்டு போடப் போகிறார்கள் என்று தெரிந்தபோதுதான் இந்தக் கருவியை வாங்க முடிவு செய்தேன். அடிமரம் இரண்டரை அடி அகலம். தூக்க கிரேன் வேண்டும், ஏற்ற லாரி வேண்டும். மரம் கிடந்த இடத்துக்கு இரண்டுமே வர வழியில்லை. மரம் சா மில்லுக்குப் போக முடியாதென்றால் மில்தான் மரத்திடம் வர வேண்டும். அன்றைக்கு அறுத்த பலகையில் செய்த மேசையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு வேம்பு, பலா, தூங்குமூஞ்சி, கொஞ்சம் தேக்கு என்று இருபதுக்கும் மேற்பட்ட அடிமரங்களை அறுத்தாகிவிட்டது. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் எஞ்சினின் பலத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போது அதைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. செயினைப் பற்றியும் பலகை காய்வதைப் பற்றியும்தான் நிறைய இருக்கிறது.

கருவியைப் பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். செயின் சாவில் செயின் சுற்றி ஓடும் நீளமான தகட்டை, அதாவது பாரை, இரண்டு முனையிலும் கவ்விப் பிடிக்கும் ஓர் அலுமினியச் சட்டம், அவ்வளவுதான். சட்டம் மரத்தின் மேல் படுத்தபடி நகரும். பார் அதற்குக் கீழே கிடைமட்டமாக மரத்துக்குள் போகும். சட்டத்துக்கும் பாருக்கும் இடையிலுள்ள உயரத்தை எவ்வளவு வைக்கிறோமோ அதுவே பலகையின் கனம். கிரான்பெர்க் நிறுவனம் 'அலாஸ்கன்' என்ற பெயரில் விற்றுப் பிரபலமானதால் எந்த நிறுவனம் செய்தாலும் பலர் இதை அலாஸ்கன் மில் என்றே சொல்கிறார்கள். 36 அங்குல பார் போட்டால் 36 அங்குல மரம் அறுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கவ்விகளுக்கும் முனைக்கும் இடம் போக நான்கைந்து அங்குலம் குறைந்துவிடும்.

எஞ்சின் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. 60 சிசிக்குக் கீழே இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. ஓர் அடி அகலத்துக்கு 60, 70 சிசி தாங்கும். இரண்டடி, இரண்டரை அடி என்றால் 90 சிசி வேண்டும். சாதாரணமாக மரம் வெட்டும்போது எஞ்சின் சில விநாடி முழு வேகத்தில் ஓடும், பிறகு மூச்சு வாங்கிக்கொள்ளும். இங்கே பத்து நிமிடம் இடைவிடாமல் முழு வேகத்தில் ஓட வேண்டும். அதனால் காற்று வடிகட்டியை ஒவ்வொரு டேங்க் பெட்ரோலுக்கும் தட்டிச் சுத்தம் செய்கிறேன். கார்புரேட்டரைக் கொஞ்சம் எரிபொருள் கூடுதலாகப் போகும்படி வைத்திருக்கிறேன். அறுத்து முடித்ததும் சட்டென்று அணைக்காமல் அரை நிமிடமாவது சும்மா ஓடவிட்டு ஆறவைக்கிறேன். நான்கு ஆண்டில் எஞ்சினைப் பிரிக்க வேண்டிய நிலை வரவில்லை.

இனி முதல் அறுப்பு. உருண்டையான மரத்தின் மேல் சட்டம் நிற்காது. அதற்கு ஒரு தட்டையான தளத்தை நாமே அமைத்துத் தர வேண்டும். நான் அலுமினிய ஏணியைப் பயன்படுத்துகிறேன். இங்கே ஒன்றை மறக்கக் கூடாது: இரண்டாவது அறுப்பிலிருந்து சட்டம் ஓடுவது முன்பு அறுத்த பரப்பின் மேல்தான். முதல் அறுப்பில் வளைவு இருந்தால் அடுத்து வரும் எல்லாப் பலகையிலும் அதே வளைவு இருக்கும். என் முதல் மாமரத்தில் ஏணி நடுவில் தொய்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. எட்டடி நீளத்தில் மூன்று நூல் குழிவு (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). ஏழு பலகையும் அப்படியே வந்தன. அவற்றைச் சமன்படுத்த எடுத்துக்கொண்ட நாட்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது ஏணியைப் பதிக்க முக்கால் மணி நேரம் ஒதுக்குகிறேன். இரு முனையிலும் மரத்தில் கட்டை அடித்து ரசமட்டம் பார்ப்பேன். நேரான இரண்டு தனிச் சட்டங்களைக் குறுக்காக இரு முனையிலும் வைத்து, குனிந்து ஒன்றின் மேல் விளிம்போடு மற்றதை ஒப்பிட்டுப் பார்ப்பேன். முறுக்கு இருந்தால் உடனே தெரிந்துவிடும். நடுவில் நூல் கட்டி, தொய்வு தெரிகிற இடத்தில் ஏணிக்குக் கீழே ஆப்பு கொடுப்பேன். ஏணி மரத்தின் இரு பக்கமும் ஓரடி நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுழையும்போதும் வெளியே வரும்போதும் சட்டம் சாய்ந்து பலகையின் ஓரம் கனம் மாறிவிடும். மரத்தின் ஒரு முனையைக் கொஞ்சம் உயர்த்திச் சரிவாகப் போடுவதும் பெரிய உதவி. கருவி தன் எடையிலேயே கீழ்நோக்கி நகரும். தள்ளித் தள்ளி இடுப்பு போகாது. அறுத்துக்கொண்டே போகும்போது பின்னால் வெட்டுக்குள் ஆப்பு செருகிக்கொண்டே வர வேண்டும். இல்லையென்றால் மேல் பலகை அமுங்கி பாரைப் பிடித்துக்கொள்ளும். இதற்காகவே என் தம்பியைக் கூட வைத்துக்கொள்கிறேன்.

செயின்தான் இந்த வேலையின் உயிர். இன்று நாம் பயன்படுத்தும் செயினின் பல் அமைப்பு அமெரிக்காவின் ஆரிகானைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டியின் கண்டுபிடிப்பு. 1946இல் ஒரு மரவண்டின் புழு கட்டையை இழைக்குக் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒரே மாதிரி கடித்துத் தள்ளுவதைப் பார்த்து, அதன் வளைந்த தாடையைப் போலவே பல் செய்தார். 1947இல் அது விற்பனைக்கு வந்தது. ஒரு புழுவை அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து பார்த்த அந்த மனிதரை ஒவ்வொரு முறை அரம் எடுக்கும்போதும் நினைத்துக்கொள்வேன். கடையில் கிடைக்கும் சாதாரண செயின் மரத்தைக் குறுக்கே துண்டு போடுவதற்கானது. அதன் பல்லின் மேல் விளிம்பு 25 முதல் 35 டிகிரி வரை சாய்ந்திருக்கும். மில்லில் செயின் இழைகளின் நுனியை நேருக்கு நேர் எதிர்கொண்டு சீவ வேண்டியிருக்கிறது. அந்தச் சாய்வோடு அறுத்தால் வேலையும் மெதுவாகும், பலகையின் பரப்பும் கோடு கோடாகும். நெடுக்கு அறுப்புக்கான செயினில் சாய்வு 10 டிகிரிதான். தனியாக வாங்கலாம். பழைய செயினையே தீட்டத் தீட்டக் கொஞ்சம் கொஞ்சமாக 10 டிகிரிக்குக் கொண்டுவரலாம். நான் இரண்டையும் செய்தேன், வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டரை அடி அகலம், எட்டடி நீளம் உள்ள ஓர் அறுப்பு முடிந்ததும் உடனே வட்ட அரத்தை எடுத்துவிடுவேன். ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இழுப்பு. செயின் மழுங்கிய பிறகு தீட்டலாம் என்று விட்டால் நேரமும் பெட்ரோலும் வீண், பாரும் சூடாகும். தூளைப் பார்த்தாலே நிலைமை தெரியும். கூராக இருந்தால் கையில் எடுக்கும்போது சிறு சிறு துகளாக உறுத்தும். மாவு போல வந்தால் நிறுத்தித் தீட்ட வேண்டிய நேரம். நான் கவனிக்கத் தவறிய ஒன்று, பல்லுக்கு முன்னால் இருக்கும் ஆழம் காட்டும் மேடு. பல் தேயத் தேய அதையும் அளவு வைத்து ராவ வேண்டும். முதல் ஆண்டில் அதைச் செய்யாமல், கூராக இருந்தும் ஏன் கடிக்க மாட்டேன் என்கிறது என்று மாதக்கணக்கில் குழம்பினேன். அப்புறம் எண்ணெய். செயின் சாவின் சொந்த எண்ணெய் நீளமான பாரின் மறுமுனைக்குப் போதுமான அளவு போய்ச் சேராது. முனைப் பக்கம் தனியாக ஓர் எண்ணெய்ச் சொட்டி பொருத்திய பிறகுதான் செயின் நீள்வது குறைந்தது.

இந்தக் கருவியின் உண்மையான குறை ஒன்று உண்டு. ஒவ்வொரு அறுப்பிலும் சுமார் 9 மில்லிமீட்டர், தச்சர் கணக்கில் ஏறக்குறைய மூன்று நூல், மரம் தூளாகப் போகிறது. மெல்லிய பட்டை வாள் வளையமாகச் சுற்றி அறுக்கும் பேண்ட் சா மில்லில் இது 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். ஓர் அங்குலப் பலகையாக அறுத்தால் மரத்தில் கால் பங்குக்கு மேல் தரையில் கிடக்கும். அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. ஆகவே மெல்லிய பலகை நிறைய வேண்டுமென்றால், மரத்தை நகர்த்த முடிகிறதென்றால், தயங்காமல் சா மில்லுக்கே கொண்டுபோங்கள். மேசைக்கும் பெஞ்சுக்கும் இரண்டு இரண்டரை அங்குலக் கனத்தில் மரத்தின் இயற்கையான ஓரத்தோடு கூடிய அகலப் பலகை வேண்டும்போதுதான் இந்தக் கருவி தன் மதிப்பைக் காட்டுகிறது. அந்தக் கனத்தில் இழப்பு ஏழில் ஒரு பங்குதான்.

வீட்டை ஒட்டி வளர்ந்த மரம் என்றால் உள்ளே ஆணி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொடி கட்டியது, வேலிக் கம்பி சுற்றியது எல்லாவற்றையும் மரம் விழுங்கி மூடிவிடும். ஒரு வேம்பில் அப்படி ஒரு ஆணியால் புது செயினின் பாதிப் பற்கள் போயின. அதன்பின் கையடக்க உலோகம் காட்டும் கருவி வாங்கினேன். ஆனால் அது சில அங்குல ஆழம்தான் பார்க்கும். வெட்டு முகத்தில் நீலம் கலந்த கறுப்புக் கறை தெரிந்தால் நிறுத்திப் பாருங்கள்; மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்தால் அந்த நிறம் வரும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். குனிந்த நிலையில் பத்து நிமிடம் புகைக்கும் தூளுக்கும் பக்கத்தில் முகம் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் மரத்தைத் திருப்பிப் போடுகிறேன். துணி முகமூடி இந்த நுண்தூளுக்குப் போதாது, என்95 போன்றது வேண்டும். காது மூடி, கண்ணாடி, காலுக்கு வெட்டுத் தடுப்பு உறை மூன்றும் இல்லாமல் தொடங்குவதில்லை. அதிர்வால் மாலையில் விரல்கள் மரத்துப்போகும். அது தொடர்ந்தால் இரத்த ஓட்டமே பாதித்து விரல் வெளுக்கும் நோயாக மாறலாம். ஆகவே ஒரு நாளில் நான்கைந்து அறுப்போடு நிறுத்திக்கொள்கிறேன். அதே அதிர்வு சட்டத்தின் நட்டுகளையும் தளர்த்தும். ஒவ்வொரு அறுப்புக்கு முன்பும் எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டுப் பார்ப்பேன்.

அறுப்பது ஒரு நாள் வேலை, காயவைப்பது ஆண்டுக்கணக்கான வேலை. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்று தோராயமாகச் சொல்வார்கள். என் பலகைகள் பெரும்பாலும் அப்படித்தான் காய்ந்தன. அறுத்த அன்றே இரண்டு வெட்டு முகத்துக்கும் மெழுகோ கெட்டியான பெயிண்ட்டோ பூச வேண்டும். இழைகளின் நுனி வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். மறுநாள் பூசிக்கொள்ளலாம் என்று விட்ட பலாப் பலகையில் காலையில் பார்க்கும்போதே கீற்று விழுந்திருந்தது. பலகைகளுக்கு இடையில் ஒரே கனமுள்ள ஓர் அங்குலச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ஒன்றின்மேல் ஒன்று நேராக வருமாறு வைத்து அடுக்க வேண்டும். மேலே பாரம் ஏற்ற வேண்டும். காற்று நுழைய வேண்டும், வெயில் படக் கூடாது. ஓர் அடுக்கின் ஒரு பக்கம் மட்டும் மாலை வெயில் பட்டு, மூன்று பலகைகள் ஓடு போல வளைந்தன.

மரம் வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் வளையங்களின் மையமான நடுத்தண்டு உள்ள பலகை வெடிக்காமல் காய்ந்ததை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் நடுத்தண்டு ஒரு பலகைக்குள்ளேயே அடங்கும்படி திட்டமிட்டு, அந்தப் பலகையை அதன் நெடுக்கே இரண்டாகப் பிளந்துவிடுகிறேன். மாமரத்தை அறுக்கத் தாமதிக்கக் கூடாது, நீலப் பூஞ்சை சீக்கிரம் ஏறிவிடும். அதன் வெள்ளைப் பகுதியில் உள்ள மாவுச்சத்துக்கு உளுப்பான் வண்டும் வரும். பச்சையாக இருக்கும்போதே போராக்ஸ் (வெண்காரம்) கரைசல் பூசினால் ஈரத்தோடு சேர்ந்து உள்ளே இறங்குகிறது. பூசத் தொடங்கிய பிறகு என் அடுக்கில் உளுத்த தூள் கொட்டவில்லை. காய்ந்த பலகை எப்படியும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். இழைத்துச் சமன் செய்யும்போது கால் அங்குலமாவது போகும். இரண்டு அங்குலம் வேண்டுமென்றால் இரண்டரை அங்குலமாக அறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு ஆண்டுத் தேய்மானம் என்று பார்த்தால், ஒரு பார், செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் இரண்டு, ஆறு செயின். பாரை அவ்வப்போது திருப்பிப் போட்டு விளிம்பை ராவியதால் இவ்வளவு நாள் வந்தது. முனைப் பக்கக் கவ்வியைப் பாரின் முனையிலுள்ள சக்கரத்தின் மேலேயே இறுக்கியதால்தான் பழைய பார் போனது. சக்கரத்துக்குப் பின்னால்தான் கவ்வ வேண்டும். அலுமினியச் சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொட்டகையில் இரண்டரை அங்குல வேப்பம் பலகைகள் ஐந்து அடுக்கில் இருக்கின்றன. அறுத்து ஒன்றரை ஆண்டு. போன வாரம் ஈரமானியில் 19 சதவீதம் காட்டியது. 12க்கு இறங்கும் வரை அவற்றைத் தொடப் போவதில்லை.