பொது மருத்துவ ரெசிடென்சி: 24 மணி நேரப் பணியா, இரவுச் சுழற்சியா?

அமெரிக்கப் போதனா மருத்துவமனைகளில் 3 ஆண்டுப் பொது மருத்துவ ரெசிடென்சிக்கு (மருத்துவப் பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் பயிற்சி) இடம் தேடுவோர் பலர், தொடர்ந்து 24 மணி நேரம் பணிபுரியும் நீள்பணிக்கும், பகல் குழுவும் இரவுக் குழுவும் தனித்தனியே பணிபுரியும் இரவுச் சுழற்சிக்கும் இடையே தடுமாறுகின்றனர். நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு இரண்டுக்கும் பொது.

கற்றல்: நீரிழிவுக் கீட்டோஅமிலத்தன்மையோடு (இன்சுலின் போதாமல் இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தான நிலை) நள்ளிரவில் வந்தவருக்கு இன்சுலின் ஏற ஏறப் பொட்டாசியம் இறங்குவதையும், அதை ஈடுசெய்த பின் காலையில் அவர் தெளிந்து பேசுவதையும் ஒரே மருத்துவர் உடனிருந்து காண்பது நீள்பணியில்தான். இரவுக் குழுவினருக்குப் பெரும்பாலும் முதல் பாதியே கிட்டுகிறது. அந்த இழப்பு சிறிதன்று.

உறக்கம்: நீள்பணியில் ஓரிரவு முழுவதும் கெடும். சுழற்சியிலோ பகலுறக்கத்துக்கு உடல் பழகுமுன் முறை மாறிவிடும்.

ஒப்படைப்பு (பணி முடிப்பவர் நோயாளிகளின் விவரங்களை அடுத்து வருபவரிடம் தெரிவிப்பது): நீள்பணியில் குறைவு. சுழற்சியில் தினமும் இருமுறை நடப்பதால், முடிவு வராத ஓர் இரத்தப் பரிசோதனையைச் சொல்ல மறந்தாலும் நோயாளிக்கு ஆபத்து. எழுத்துவழி ஒப்படைப்பு இல்லாத இடத்தில் இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதுகாப்பு: 63 பயிற்சித் திட்டங்களை ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஐகம்பேர் ஆய்வில், ஒரு பணி எத்தனை மணி நேரம் நீளலாம் என்ற வரம்பைத் தளர்த்தி நீள்பணிக்கு இடமளித்த திட்டங்களில் நோயாளிகளின் 30 நாள் இறப்பு விகிதம் மற்றவற்றைவிட மோசமாகவில்லை.

ஆகவே, தீவிர சிகிச்சைத் துறையை நாடுவோருக்கு நீள்பணி பொருந்தும். கைக்குழந்தை உள்ளவர்களும், பணி முடிந்து வெகுதூரம் காரோட்டித் திரும்ப வேண்டியவர்களும் சுழற்சியையே தேர்வது நல்லது.