பழைய மினியில் ஆயில் கசிவு: இன்ஜினை இறக்குவதா, சீலை மட்டும் மாற்றுவதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இன்ஜினை இறக்கிய கட்சி. அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வண்டி 1979 மினி 1000, அந்தப் பழைய சின்ன பிரிட்டிஷ் கார், 998 சிசி, நாலு கியர் மேனுவல், சிங்கப்பூரில் பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் ஓடுகிறது. கசிவுக்கு வழி மூன்று. டப்பாவில் விற்கும் கசிவு நிறுத்தும் மருந்தை ஊற்றிவிட்டு அடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம். இன்ஜின் வண்டியிலேயே இருக்க, ஒழுகுகிற சீலை (ஆயிலை உள்ளே தடுத்துவைக்கும் ரப்பர் வளையம்) மட்டும் ஒவ்வொன்றாக மாற்றலாம். இல்லையென்றால் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்து இறக்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

மினி எதற்கு இவ்வளவு ஒழுகுகிறது என்பது தெரிந்த கதைதான். 1959ல் அலெக் இஸிகோனிஸ் அந்தச் சின்ன உடம்புக்குள் நாலு பேரை உட்கார வைக்க இன்ஜினைக் குறுக்காகப் படுக்கவைத்து, கியர் பாக்ஸை அதன் அடியில், ஆயில் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். இன்ஜின், கியர், டிஃப்ரென்ஷியல் மூன்றுக்கும் ஒரே ஆயில், ஏறக்குறைய 5 லிட்டர், பெரும்பாலும் 20டபிள்யூ-50. மற்ற வண்டிகளில் கியர் பாக்ஸ் சீல் போனால் கியர் ஆயில் ஒழுகும், இன்ஜின் பாட்டுக்கு இருக்கும். இதில் சக்கரத்துக்குப் போகும் டிரைவ்ஷாஃப்ட் பக்கத்துச் சீல் போனாலும் இன்ஜினின் ரத்தம்தான் போகிறது. ஒழுகட்டும் என்று விட்டால் எல்லாமே சேர்ந்து பட்டினி கிடக்கும்.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாக வேண்டும். ஓடும்போது காற்று ஆயிலை அடிப்பக்கம் முழுக்க இழுத்துப் பூசிவிடும், அதனால் ஈரம் இருக்கும் இடத்தை நம்ப முடியாது. அடியை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு ஒரு சின்ன ஓட்டம் ஓட்டினால் கோடு போட்டுக் காட்டிவிடும். இன்னொரு கணக்கும் உண்டு. நிற்கும்போதே ஒழுகினால் ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஏதோ ஒன்று. 1973க்கு அப்புறம் வந்த, கம்பியால் கியர் மாற்றும் ராட் சேஞ்ச் கியர் பாக்ஸில் பெரும்பாலும் அந்தக் கம்பி உள்ளே நுழையும் செலக்டர் ஷாஃப்ட் சீலாக இருக்கும். ஓட்டி முடித்த பிறகு மட்டும் சொட்டினால், அதுவும் வலப்பக்கம், கிளட்ச் வீட்டின் அடியில் சின்ன ஓட்டைக்குள் தொங்குகிற ஸ்பிளிட் பின்னின் நுனியில் சொட்டினால், அது பிரைமரி கியர் சீல், அதாவது கிளட்ச்சிலிருந்து கியர் பாக்ஸுக்குச் சக்தியைக் கடத்தும் கியரின் சீல். அந்த ஓட்டை அடைபடாமல் ஆடிக்கொண்டிருக்கத்தான் அந்தப் பின்னையே போட்டிருக்கிறார்கள், யாராவது அழகு பார்க்கிறேன் என்று பிடுங்கிப் போட்டிருந்தால் திரும்ப மாட்டிவிடுங்கள்.

அப்படியே இன்ஜின் மூச்சுவிடும் ப்ரீதர் குழாயையும் ஊதிப் பாருங்கள், காசு செலவில்லை. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீல்கூட ஒழுகும்.

சரி, மருந்துக்கு வருவோம். இவற்றில் பெரும்பாலானவை ரப்பரை உப்பவைத்து மென்மையாக்கும் சமாச்சாரங்கள். காய்ந்துபோன சீலில் கொஞ்ச நாள் வேலை செய்யலாம். உதடு கிழிந்த சீலை அது தைக்காது, காகித கேஸ்கெட்டை ஒட்டாது. மினியில் அதே ஆயில்தான் கியர் மாறும்போது வேகத்தை ஒத்துவைக்கும் சின்க்ரோ வளையங்களுக்கும் போகிறது, அங்கே கண்டதைக் கலக்க எனக்குத் துணிவில்லை. நான் ஊற்றிப் பார்க்கவில்லை, ஊற்றியவர்கள் சிலர் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் தட்டு வைத்து ஓட்டுவது வீட்டில் கொட்டகை இருப்பவர்களுக்கு. நமக்கு வண்டி நிற்பது வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பல மாடிக் கார்நிறுத்துமிடத்தில், நமது எண் போட்ட சொந்த இடம்கூடக் கிடையாது. மழைநீர் கால்வாய் வழியாக நீர்த்தேக்கத்துக்குப் போகிற ஊர் இது, தீவின் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. சொட்டவிட்டு ஓட்டுவது எனக்கு உறுத்தலாக இருந்தது.

இரண்டாவது வழியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு இடம் ஒழுகினால் அதுதான் சரி. செலக்டர் சீல் சில வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சமாச்சாரம். வண்டியைத் தூக்கி, கியர் நெம்புகோலோடு இணையும் ரிமோட் கம்பியைப் பிடித்திருக்கும் ரோல் பின்னைத் தட்டி எடுத்து, பழைய சீலை நெம்பிவிட்டுப் புதியதை ஷாஃப்ட்டின் மேல் தள்ளி உட்கார வைக்க வேண்டும். ஷாஃப்ட்டின் வெட்டு விளிம்பு புதுச் சீலின் உதட்டைக் கிழிக்காமல் இருக்க டேப் சுற்றவோ மெல்லிய பிளாஸ்டிக் தாளை உருட்டிப் போடவோ மறக்கக் கூடாது, அவ்வளவுதான். டிஃப்ரென்ஷியல் பக்கச் சீல்களும் டிரைவ்ஷாஃப்ட்டின் உள்முனை மூட்டான பாட் ஜாயின்ட்டை நெம்பி வெளியே எடுத்தால் வண்டியிலேயே முடியும். பிரைமரி கியர் சீலைக்கூட வண்டியில் வைத்தே மாற்றலாம்: வலப்பக்க மவுன்ட்டைக் கழற்றி இன்ஜினை ஜாக்கியில் கொஞ்சம் தூக்கி, கிளட்ச் மூடியை எடுத்து, புல்லர் போட்டு ஃப்ளைவீலைப் பிடுங்க வேண்டும். புல்லர் இல்லாத பட்டறையில் சுத்தியலால் பேசிப் பார்ப்பார்கள், அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இணையத்தில் மினி ஆட்கள் எழுதுவதைப் படித்தால் பத்துக்கு எட்டுப் பேர் இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்வார்கள். ஒரு சனிக்கிழமை ஒரு சீல், அடுத்த மாதம் இன்னொன்று, தேநீர் குடித்துக்கொண்டே முடித்துவிடலாம் என்று. எழுதுகிறவர் இங்கிலாந்தில் வீட்டோடு ஒட்டிய கராஜில் நிற்கிறார் என்பதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்குக் கூலி இல்லை, இடவாடகை இல்லை, பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். நாம் புளோக்குக்குக் கீழே ஜாக்கி வைத்து கியர் பாக்ஸ் ஆயிலை வடிக்க முடியுமா? ஒவ்வொரு சீலும் ஒரு பட்டறைப் பயணம். பட்டறைகள் நிறைந்த சின் மிங்கோ காக்கி புக்கிட்டோ, லிஃப்டில் ஏற்றுவது, ஆயிலை வடிப்பது, கழற்றுவது, பூட்டுவது, புது ஆயில் ஊற்றுவது, எல்லாம் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. சீலின் விலை பில்லில் ஒரு ஓரத்தில் கிடக்கும், மேலே இருப்பது முழுக்கக் கூலி.

கிளாசிக் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது, என்னை முடிவெடுக்க வைத்ததே அதுதான். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி 35 வயது தாண்டிய வண்டியை இந்தத் திட்டத்தில் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனால் ஒரு நாள், வேறொரு நாளில் திரும்ப எடுத்து வந்தால் இன்னொரு நாள். மூன்று சீலுக்கு மூன்று பயணம் என்றால் ஆறு நாள் போச்சு, மறுபடி ஒழுகுகிறதா என்று ஓட்டிப் பார்ப்பதைச் சேர்க்காமல். இழுவை வண்டி கூப்பிடலாம், அந்தக் காசு தனி. வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துத் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் கூலியை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் நாளை எண்ணி ஓட்டுகிறவனுக்கு ஒவ்வொரு பட்டறைப் பயணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்கிறது. சாங்கி கடற்கரைப் பக்கம் போகவேண்டிய காலையில் நான் லிஃப்ட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் வண்டியில் மூன்று இடம் ஈரம்: பிரைமரி சீல், ஒரு டிஃப் சீல், அப்புறம் இன்ஜினின் பின்பக்கம், மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் டேப்பெட் மூடி. அதுபோக இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் கேஸ்கெட்டின் மேலும் சந்தேகம். அதை இரண்டையும் பிரிக்காமல் மாற்றவே முடியாது.

பட்டறைக்காரர் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரிலிருந்து வருகிற பெரியவர், இந்த வண்டிகளில் கை பழகியவர். "தம்பி, சீலு மாத்துறது பெரிசில்ல, சீலு உக்கார்ற எடத்தப் பாக்கணும்" என்றார். கழற்றிய பிறகு காட்டினார். பிரைமரி கியரின் கழுத்தில், பழைய சீலின் உதடு உரசிய இடத்தில், நகத்தை வைத்தால் தட்டுப்படுகிற அளவுக்கு ஒரு வளையக் கோடு. அதன் மேல் புதுச் சீல் போட்டிருந்தால் வெகு சீக்கிரம் மறுபடி ஒழுகியிருக்கும். அதைவிட முக்கியம் அந்தக் கியருக்குள் இருக்கும் புஷ் என்கிற உலோகக் குழல். புஷ் தேய்ந்தால் கியர் ஆடும், ஆடுகிற கியரை எந்தச் சீலும் பிடித்துவைக்காது. அதோடு புஷ்ஷுக்கும் கிராங்குக்கும் நடுவே ஆயில் நேராக கிளட்ச்சுக்குப் போகும், சீலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாலு தடவை பிரைமரி சீல் மாற்றியும் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்கள் பலருக்கு விஷயம் இங்கேதான் இருக்கும். நியாயமாகச் சொன்னால் வண்டியில் வைத்து வேலை பார்த்தாலும் இதைப் பார்க்கலாம், பிரைமரி கியர் வெளியேதானே வருகிறது. ஆனால் சீல் மட்டும் போடக் கூலி பேசியிருக்கும்போது அதற்குள் யாரும் புஷ்ஷை அளந்துகொண்டிருப்பதில்லை.

கழற்றும்போது கிராங்கின் வெட்டுகள் கிடைமட்டமாக இருக்கும்படி திருப்பிவைத்துவிட்டுத்தான் ஃப்ளைவீலைப் பிடுங்குவார்கள், இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் சி வடிவ வாஷர் நழுவி இடையில் மாட்டிக்கொள்ளும். பூட்டும்போது பிரைமரி கியரின் எண்ட் ஃப்ளோட்டை, அதாவது நீளவாக்கில் அது ஆடும் இடைவெளியை, ஃபீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டும், 3.5 முதல் 6.5 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்க வேண்டியது. கியர் பாக்ஸைத் திரும்பச் சேர்க்கும்போது இரண்டுக்கும் நடுவே ஆயில் ஏறும் வழியில் ஒரு சின்ன ஓ ரிங் வரும், முன் மெயின் பேரிங் மூடிக்கு அடியில் பிறைபோல ஒரு சீல் வரும். ஓ ரிங்கை விட்டுவிட்டால் ஆயில் பிரஷரே போய்விடும். பட்டறைக்காரரிடம் இதையெல்லாம் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் கேட்டுப் பாருங்கள், பதில் வருகிற விதத்திலேயே ஆள் மினி பார்த்தவரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இறக்குவதில் கெட்டது இல்லாமல் இல்லை. வந்ததும் வந்தோம் என்கிற வியாதி ஒன்று. கிளட்ச் தட்டு ஆயிலில் ஊறியிருந்ததால் அது கட்டாயம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. இன்ஜின் மவுன்ட்டுகள், ஸ்டெடி புஷ்கள், ரேடியேட்டர் குழாய்கள் என்று பட்டியல் நீண்டது, இன்ஜினைத் தாங்கும் சப்ஃப்ரேமை வெறுமையாகப் பார்த்தால் அதற்கும் பெயின்ட் அடிக்கத் தோன்றும். முன்கூட்டியே எது வரை என்று எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாமான் எல்லாம் இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டும், கப்பல் கூலி, 9 விழுக்காடு பொருள் சேவை வரி. கேஸ்கெட் செட் முழுசாக வந்து சேர்ந்த பிறகு வண்டியைக் கொண்டுபோய் விடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாஷருக்காகப் பட்டறையின் இடத்தை வாரக்கணக்கில் அடைத்துக்கொண்டு நிற்கும், பட்டறைக்காரர் முகம் மாறும்.

ஜொகூர் பாருவில் கூலி குறைவாயிற்றே என்று கேட்பீர்கள். குறைவுதான், நண்பர்கள் போயிருக்கிறார்கள், எனக்கு அனுபவம் இல்லை. அக்கரையில் இன்ஜின் இல்லாமல் வண்டியை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை, அதற்கு மேல் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

விற்கும்போது கூடுதல் விலை கிடைக்குமா என்றால், ஆயில் ஒழுகுகிறது என்பதற்காக யாரும் மினியை வேண்டாம் என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. ஆனால் கிளட்ச் வழுக்கினால் உடனே விலையைக் குறைப்பார்கள், அதற்குக் காரணம் பெரும்பாலும் அதே பிரைமரி சீல்.

ஆக, செலக்டர் சீல் மட்டும் ஒழுகுகிறவர்கள் இதையெல்லாம் மறந்துவிட்டு அதை மட்டும் மாற்றுங்கள். டிஃப் சீல் ஒன்று மட்டும் என்றாலும் அப்படியே, பாட் ஜாயின்ட்டின் உரசும் பகுதியில் கோடு விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிரைமரி சீலோடு இன்னொரு இடமும் சேர்ந்துவிட்டால் இறக்கிவிடுங்கள்.

இப்போது சுத்தமாக நின்றுவிட்டதா என்றால், ஸ்பீடோ கேபிள் கியர் பாக்ஸில் சேரும் இடத்தில் லேசாக வியர்க்கிறது. சின்ன கேஸ்கெட் ஒன்றுதான், அடுத்த ஆயில் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.