30 பவுண்டு அவே டிக்கெட்: பத்து சீசனுக்குப் பிறகு

ஏப்ரல் விடுமுறைக்கு லண்டன் கிளம்பும் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிரீமியர் லீக்ல ஹோம் டிக்கெட் 70, 80 பவுண்டுன்னு சொல்றாங்க. அவே டிக்கெட் எங்க போனாலும் 30 பவுண்டுதானாமே, அதையே எடுத்துடலாமா?"

பிரீமியர் லீக் இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் டிவிஷன். அவே டிக்கெட் என்பது வேறு அணியின் மைதானத்துக்கு ஆடப்போகும் அணியின் ரசிகர்களுக்கு அங்கே ஒதுக்கும் இடம்; ஹோம் டிக்கெட் அந்த மைதானத்து அணியின் ரசிகர்களுக்கு. விலை உண்மைதான். ஆனால் எடுக்க முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்வதற்காகத்தான் இது. அவே டிக்கெட்டுக்கு 30 பவுண்டு என்ற இந்த உச்சவரம்பு 2016-17 சீசனில் வந்தது. 2025-26 பத்தாவது சீசன். ஒரு திட்டத்தை எடைபோட இவ்வளவு காலம் போதும்.

முதலில் அதற்குரிய மரியாதை. இந்த 30 பவுண்டை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. 2013 ஜனவரியில் ஆர்சனல் மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கு டிக்கெட் 62 பவுண்டு. வந்த டிக்கெட்டில் 912 விற்காமல் திரும்பிப் போனது. நிறைந்து வழியவேண்டிய மூலையில் காலி இருக்கைகளை டிவி காட்டியது. அதன் பிறகுதான் "இருபது போதும்" என்று ரசிகர் சங்கங்களின் கூட்டமைப்பு 20 பவுண்டு கேட்டு இயக்கம் தொடங்கியது. 2016 பிப்ரவரி 6 அன்று லிவர்பூல் ரசிகர்கள் தங்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் 77-வது நிமிடத்தில் எழுந்து வெளியே நடந்தார்கள். புதிய மெயின் ஸ்டாண்டில் (பார்வையாளர் மாடத்தில்) 77 பவுண்டு டிக்கெட் வரப்போகிறது என்ற அறிவிப்புக்கு அதுதான் பதில். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் போனார்கள். சண்டர்லேண்டுக்கு எதிராக அப்போது 2-0 என முன்னிலை. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலையைப் பழைய 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள். அடுத்த மாதமே லீக்கின் இருபது கிளப்புகளும் அவே விலைக்கு 30 பவுண்டு உச்சவரம்பை ஏற்றுக்கொண்டன. அந்த ஆண்டு தொடங்கவிருந்த உள்நாட்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு மூன்று சீசனுக்கு 500 கோடி பவுண்டுக்கும் மேல். ஒரு மைதானத்தின் அவே பகுதியில் மூவாயிரம் பேர். தலைக்கு 20 பவுண்டு விட்டுக்கொடுப்பது அந்தப் பணத்தின் முன் ஒன்றுமே இல்லை. அந்த மூவாயிரம் பேர் எழுப்பும் சத்தத்தையும் சேர்த்துத்தான் டிவிக்கு விற்கிறார்கள்.

தொடர்ந்து பயன்படுத்துகிறவருக்கு இதில் எதிர்பாராத இன்பம் ஒன்று இருக்கிறது: விலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஹோம் டிக்கெட்டில் கேட்டகரி ஏ, பி, சி என்று எதிரணியைப் பொறுத்து விலை மாறும். அவே டிக்கெட்டில் அந்தப் பிரிவு கிடையாது. பெரிய கிளப்பின் மைதானமானாலும் கீழ் டிவிஷனிலிருந்து புதிதாக மேலே வந்த கிளப்பின் மைதானமானாலும் பெரியவருக்கு 30-க்கு மேல் கேட்க முடியாது. பத்து ஆண்டில் இங்கிலாந்தில் பால், ரொட்டி, மின்கட்டணம் எல்லாம் ஏறிவிட்டன. 2016-ன் 30 பவுண்டு இன்று 40-ஐத் தாண்டியிருக்க வேண்டும். உண்மையான மதிப்பில் ஆண்டுக்கு ஆண்டு விலை குறைந்துகொண்டே வந்த கால்பந்து டிக்கெட் இதுபோல் இன்னொன்றைக் காண்பது அரிது. இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஒரே விலை என்பதால் ஒரே இருக்கை என்று நினைத்துவிடக் கூடாது. நியூகாசிலில் அவே பகுதி ஸ்டாண்டின் உச்சியில். பதினான்கு அடுக்குப் படி ஏறவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே கிளப்பிடம் சொல்லி வேறு ஏற்பாடு கேட்பது நல்லது. ஊர் முழுக்கக் கண்ணில் விரியும், ஆட்டக்காரர்கள் எறும்புகள். கிரிஸ்டல் பேலஸின் பழைய ஆர்தர் வெய்ட் ஸ்டாண்டில் தூண்கள் மறைக்கும், பின்வரிசைகளில் தாழ்ந்த கூரை உயரப் பந்தை விழுங்கும். எங்கே போனாலும் அவே பகுதியில் தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள். குழந்தையோடு போகிறவர் முன்வரிசை கேட்டு வாங்கவேண்டும். இல்லையென்றால் குழந்தைக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது பாயின்ட்.

விருந்தினர் கிளப்புக்கு ஒதுக்கவேண்டிய இடம் 3,000. மைதானம் 30,000-க்கும் சிறியதென்றால் மொத்தத்தில் பத்து சதவீதம். போர்ன்மத் மைதானத்தில் மொத்தமே 11,000 பேர் சொச்சம்தான். அங்கே போகும் கிளப்புக்குக் கிடைப்பது ஆயிரத்துச் சொச்சம். பெரிய கிளப்புகளில் சீசன் டிக்கெட் (சீசனின் ஹோம் லீக் ஆட்டங்களுக்கு மொத்தமாக எடுப்பது) வைத்திருப்பவர்களே பல பத்தாயிரம் பேர். விலையைக் கூட்டி ஆளைக் கழிக்க முடியாதபோது வேறு ஏதாவது ஒன்று கழிக்கவேண்டும். அந்த வேலையை லாயல்டி பாயின்ட் செய்கிறது.

ஏற்பாடு ஏறக்குறைய எல்லா கிளப்பிலும் ஒன்றுதான். போன அவே ஆட்டங்களுக்குக் கணக்கில் பாயின்ட் ஏறும். சில கிளப்புகள் தூரமான ஊருக்கும் வார நாள் ஆட்டத்துக்கும் கூடுதலாகக் கொடுக்கும். ஆட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன் விற்பனை தொடங்கும். முதல் நாள் அதிகப் பாயின்ட் உள்ளவர்களுக்கு, அடுத்த நாள் அதற்குக் கீழே, அப்படியே இறங்கும். சீசன் டிக்கெட்காரர்களைத் தாண்டி, கிளப்புக்குப் பணம் கட்டி வெறும் மெம்பர்ஷிப் மட்டும் வைத்திருப்பவர் வரை இறங்குவதற்குள் தீர்ந்துவிடும். பெரிய கிளப்பின் ஆட்டம் என்றால் முதல் இரண்டு படியிலேயே தீரும்.

இங்கேதான் முடிச்சு. அவே டிக்கெட் வாங்கப் பாயின்ட் வேண்டும். பாயின்ட் சேர்க்க அவே டிக்கெட் வேண்டும். 2016-க்கு முன்பே உள்ளே இருந்தவர் உள்ளேயே இருக்கிறார். பதினெட்டு வயதில் முதல் சம்பளம் வாங்கி, ஊர் ஊராகத் தன் அணியோடு போக ஆசைப்படும் பையனுக்கு 30 பவுண்டு எட்டுகிற விலைதான். கதவுதான் திறக்கவில்லை.

இன்னொரு கேடும் கூடவே வளர்ந்திருக்கிறது. பாயின்ட் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக, போக முடியாத ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்துவைப்பார்கள். எடுத்ததை மச்சானுக்கோ வேலைத்தோழனுக்கோ கொடுத்துவிடுவார்கள். போனவருக்குப் பாயின்ட் இல்லை. போகாதவர் கணக்கில் ஏறுகிறது. இப்படி ஐந்து ஆண்டு போனால் பட்டியலின் உச்சியில் இருப்பவர் உண்மையில் எத்தனை ஆட்டம் பார்த்தார் என்று கிளப்புக்கே தெரியாது. அதனால்தான் சில கிளப்புகள் திடீர்ச் சோதனை வைக்கின்றன: குறிப்பிட்ட சிலரின் டிக்கெட்டை அனுப்பாமல், ஆட்ட நாளில் அந்த மைதானத்தில் அடையாள அட்டையைக் காட்டி நேரில் வாங்கச் சொல்வார்கள். அப்படி வந்தால் வேறு யாரையும் அனுப்ப முடியாது. போக முடியவில்லையென்றால் கெடு நாளுக்குள் கிளப்பிடமே திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் ஒரே நல்ல வழி. வெளியாருக்குக் கைமாற்றி விற்பது இங்கிலாந்தில் 1994 சட்டப்படி குற்றம். வாங்கிய விலைக்கே விற்றாலும் அனுமதியில்லாத விற்பனை குற்றம்தான்.

நியாயமாகப் பார்த்தால் பாயின்ட் முறையைத் திட்டுவதும் எளிதல்ல. நனைந்துகொண்டு, வார நடுவில் தோற்றுத் திரும்பிய ஆட்டங்களுக்கும் போனவருக்கு முன்னுரிமை கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? குலுக்கலுக்கு மட்டும் விட்டால் இருபது ஆண்டு போனவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். ஆனால் நூறில் பத்து டிக்கெட்டையாவது இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பாயின்ட் இல்லாதவர்களுக்கும் குலுக்கலில் ஒதுக்க முடியாதா? பத்து சீசனாக இது எல்லா கிளப்புக்கும் பொதுவான விதியாக வரவில்லை. இதுதான் எரிச்சல்.

அடுத்தது பயணம். டிக்கெட் 30-ல் நிற்கிறது, ரயில் நிற்கவில்லை. 2025-26-லிருந்து 380 ஆட்டங்களில் குறைந்தது 267 இங்கிலாந்து டிவியில் நேரலை, முன்பு 200. நேரலைக்கு எடுக்கும் ஆட்டம் வழக்கமான சனிக்கிழமை மூன்று மணியில் இருக்காது; ஞாயிறு, வெள்ளி, திங்கள் என்று எங்காவது நடப்படும். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவான அட்வான்ஸ் டிக்கெட் ஏறக்குறைய பன்னிரண்டு வாரங்களுக்கு முன் திறக்கும். டிவிக்கான தேதி மாற்றம் பெரும்பாலும் அதில் பாதிக் காலம் போனபிறகுதான் வரும். அதற்குள் மலிவு டிக்கெட் போய்விடும், அல்லது வாங்கிய டிக்கெட் தேதி மாறிப் பயனற்றுப்போகும். அட்வான்ஸ் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது; கட்டணமும் விலை வித்தியாசமும் கட்டித் தேதி மாற்றலாம். திங்கள் இரவு எட்டு மணி ஆட்டம் முடியப் பத்து ஆகிவிடும். நியூகாசிலில் அந்நேரம் லண்டனுக்குத் திரும்ப ரயில் கிடையாது; ஒரு இரவு அறை, மறுநாள் விடுப்பு. போர்ன்மத்திலிருந்து நியூகாசிலுக்கு ஒரு வழி 500 கிலோமீட்டருக்கும் மேல். அந்த நாளின் மொத்தச் செலவில் 30 பவுண்டு ஒரு மூலையில் கிடக்கும்.

தேதி உறுதியாகும்வரை ரயில் எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் ஆஃப்-பீக் ரிட்டர்ன் (நெரிசல் இல்லாத நேரத்துக்கான இருவழி டிக்கெட்) எடுங்கள். விலை கூடுதல், ஆனால் குறிப்பிட்ட ரயிலோடு கட்டிப்போடாது. ரயில்கார்டு என்ற சலுகை அட்டை இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். நால்வர் சேர்ந்தால் கார்தான் மலிவு. கிளப்பின் அதிகாரபூர்வப் பேருந்து இருந்தால் அது மைதான வாசலில் இறக்கி, ஆட்டம் எப்போது முடிந்தாலும் காத்திருந்து கூட்டிவரும். இரவு ஆட்டத்துக்கு அதை விடச் சிறந்தது இல்லை. அதில் மது எடுத்துச்செல்வது 1985 சட்டப்படி குற்றம், பையைச் சோதிப்பார்கள்.

உச்சவரம்பு எங்கே முடிகிறது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். இது பிரீமியர் லீக் ஆட்டங்களுக்கு மட்டும். எஃப்ஏ கோப்பை, லீக் கோப்பைக்கு இது செல்லாது. அணி கடைசி இடங்களில் முடித்துக் கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் அடுத்த ஆகஸ்டில் அதே ரசிகர் உச்சவரம்பே இல்லாத டிவிஷனில் இருப்பார். சிறிய மைதானத்துக்கு அதிக விலை கொடுத்து வியப்பார். ஐரோப்பிய ஆட்டங்களுக்கு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ தனியாக வரம்பு வைத்திருக்கிறது: சாம்பியன்ஸ் லீக் அவே டிக்கெட் 70 யூரோவிலிருந்து 2024-25-ல் 60, 2025-26-ல் 50 என்று இறங்கியது. ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்குக்கு 20 யூரோ. இறங்குகிற விலையைக் கால்பந்தில் பார்ப்பது அரிது, அதனால் சொல்கிறேன்.

ஹோம் பகுதிக்கு எந்த வரம்பும் இல்லை. கோபம் முழுவதும் அங்கேதான் போகவேண்டும். 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் மீதமிருந்த மெம்பர் டிக்கெட்டுகளை எல்லாம் 66 பவுண்டு என்று ஆக்கியது. சிறுவருக்கும் ஓய்வூதியக்காரருக்கும் சலுகை இல்லை, அதுவும் சீசன் நடுவில். முந்தைய வாரம்வரை பிள்ளையை 25 பவுண்டுக்குக் கூட்டிப்போன தகப்பனுக்கு இருவருக்கும் சேர்த்து 132. புதிதாக மூத்தோர் வயதை எட்டுகிறவர்களுக்குச் சீசன் டிக்கெட் சலுகையை நிறுத்தப்போவதாக டோட்டன்ஹாம் 2024-ல் அறிவித்தது. நாற்பது ஆண்டு வந்தவர் அறுபத்தைந்தைத் தொடும்போது கதவைச் சாத்தும் அறிவிப்பு அது. 2025 ஜனவரியில் லிவர்பூல் ரசிகர்களும் யுனைடெட் ரசிகர்களும் ஆன்ஃபீல்டில் சேர்ந்தே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாத இரு கூட்டம் அது.

அவே வரம்புக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் கருத்து. அவே ரசிகர்கள் ஒரு குரலில் பேசினார்கள், காலி இருக்கையைக் காட்டினார்கள், வென்றார்கள். ஹோம் பகுதியில் ஒருவர் எழுந்து போனால் அந்த இருக்கைக்கு வெளிநாட்டிலிருந்து ஒருநாள் வருகிறவர் இரண்டு மடங்கு கொடுக்கத் தயாராக இருக்கிறார். காலி இருக்கை என்ற ஆயுதம் அங்கே இல்லை.

கேட்ட நண்பர்களுக்கு நேரடியாக: அவே டிக்கெட்டை மனதில் வைத்துப் பயணம் போடாதீர்கள். மெம்பர்ஷிப் எடுத்தாலும் அந்தப் பணம் டிக்கெட்டுக்கு அல்ல, வரிசையில் நிற்கும் உரிமைக்கு மட்டும். ஏப்ரல், மே மாதத்தில் லண்டனில் இருந்தால் கீழ்ப்பாதி அணியின் ஹோம் ஆட்டம் பாருங்கள். மெம்பர்ஷிப் எடுத்து, விற்பனை நாளையும் கிளப்பின் மறுவிற்பனைப் பக்கத்தையும் தொடர்ந்து பாருங்கள். சீசன் டிக்கெட்காரர்கள் வரமுடியாத இருக்கைகள் கடைசி இரண்டு மூன்று நாளில் அங்கே வரும். சமூக ஊடகத்தில் "அவே டிக்கெட், ஒரிஜினல் விலை" என்று வருபவர் யாராக இருந்தாலும் பணம் அனுப்பாதீர்கள். பிரீமியர் லீக் ஹோம் டிக்கெட்டும் கிடைக்கவில்லையென்றால் லெய்டன் ஓரியன்ட், சார்ல்டன், மில்வால் என்று பிரீமியர் லீக்குக்கு வெளியே லண்டனிலேயே கிளப்புகள் இருக்கின்றன. பெரும்பாலான ஆட்டங்களுக்குச் சில நாட்களுக்கு முன் சாதாரணமாகவே வாங்கலாம்.

தீர்ப்பு கேட்டால்: கடந்த பத்து ஆண்டில் ரசிகருக்காக இந்த லீக் செய்த மிகச் சிறந்த காரியம் இந்த 30 பவுண்டு. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தருவேன். அந்த விலைக்கு வாங்கப் பதினெட்டு வயதுப் பையனால் முடிகிற நாளில் மீதி மூன்றையும் தருகிறேன்.