பெயர் மூன்று, பானை ஒன்று: எங்கள் புளோக் காப்பிக்கடை நாசி லெமாக் பற்றி ஓர் எச்சரிக்கை

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள காப்பிக்கடையில், பழைய மீ சோத்தோ கடை இருந்த இடத்தில் இப்போது நாசி லெமாக் போன்ற தேங்காய்ப்பால் சோறு விற்கிறார்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே போக்கில் நடத்தும் கடை உங்கள் பேட்டையிலும் இருக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

கடைக்கு மேலே விளக்குப் போட்ட பெரிய பலகை. மூன்று தட்டுகளின் படம். நாசி லெமாக் 4 வெள்ளி 50 காசு, நாசி உடுக் 5 வெள்ளி 50 காசு, நாசி டாகாங் 6 வெள்ளி 80 காசு. நாசி லெமாக் படத்தில் சோறு, பொரித்த கோழி இறக்கை, முட்டை, நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரி எல்லாம் இருக்கின்றன. விலைக்குப் பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஒரு சொல்: "முதல்". வரிசையில் நிற்கும்போது அது கண்ணில் படாது. பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

கடையில் இருந்த பெண்ணிடம் படத்தைக் காட்டி, "இது ஒண்ணு, பொட்டலம்" என்றேன். கட்டி முடித்துப் பையில் போட்ட பிறகுதான் விலை வந்தது: 8 வெள்ளி 90 காசு. என்ன கணக்கு என்று கேட்டால் விரல்விட்டுச் சொல்கிறார். சோறும் நெத்திலியும் கடலையும் 4.50. இறக்கை 2.20. முட்டை 1.20. சம்பால் என்ற மிளகாய்த் தொக்கு இரண்டாவது கரண்டி 70 காசு, நான் கேட்கவே இல்லை, அவராகவே ஊற்றியது. டப்பாவுக்கு 30 காசு. "படத்துல எல்லாம் இருக்கே?" என்றேன். "படம் சும்மா பார்க்கத்தான் லா" என்று பதில். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள், பொட்டலம் கையில் இருக்கிறது, க்யூஆர் அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டார். அந்த நேரத்தில் யார் சண்டை போடுவார்கள்? கடை ஓடுவதே நம்முடைய இந்தக் கூச்சத்தில்தான்.

விலை மட்டும்தான் பிரச்சினை என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அதிகமாக வாங்கினாலும் சோறு நன்றாக இருந்தால் மனம் ஆறிவிடும். இன்னொரு நாள் அங்கேயே உட்கார்ந்து, மூன்று வகையையும் வாங்கி வீட்டாரோடு பங்கு போட்டுச் சாப்பிட்டோம். கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது எங்கள் மேசையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. சூடு காக்கும் பானை ஒன்றே ஒன்று. அதிலிருந்து ஒரு கிண்ணம் சோறு எடுத்துத் தட்டில் கவிழ்த்தார், நெத்திலியும் கடலையும் வைத்தார், அது நாசி லெமாக். அதே பானை, அதே கிண்ணம், மேலே பிளாஸ்டிக் புட்டியிலிருந்து பொரித்த வெங்காயத்தைக் குலுக்கிக் கொட்டினார், அது நாசி உடுக். மூன்றாவது முறையும் அதே பானைக்குள் கை போனது. ஓரத்தில் ஒரு கரண்டி மீன் குழம்பு ஊற்றினார், நாசி டாகாங் தயார். அந்தக் குழம்பு 2 வெள்ளி 30 காசு பெறுமா என்றால், அதில் கிடந்த மீன் துண்டு என் கட்டைவிரல் அளவு.

எங்கள் மாடியில் மலேசியாவின் திரெங்கானுவில் பிறந்து வளர்ந்த மலாய்ப் பெரியம்மா ஒருவர் இருக்கிறார், மக்சிக் என்று கூப்பிடுவோம். கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, சோற்றையே பார்த்தார். "வெந்தயம் எங்கே?" என்றார். குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் கேட்டது சரிதான். நாசி டாகாங் கிளந்தான், திரெங்கானு பக்கத்துச் சாப்பாடு. திரெங்கானுவில் அரிசியோடு கொஞ்சம் பசையரிசி கலந்து ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, பிறகு தேங்காய்ப்பால் விட்டுக் கிளறி மறுபடி வேகவைப்பார்கள். சின்ன வெங்காயமும் இஞ்சியும் வெந்தயமும் சோற்றிலேயே கிடக்கும். கூட வருவது சூரை மீன் குழம்பு, காய் ஊறுகாய். நாசி உடுக் ஜகார்த்தாவின் பெத்தாவி மக்களுடையது. செராய் என்ற எலுமிச்சைப்புல்லும் சாலாம் இலையும் போட்டு வேகவைக்கும் சோறு. பொரித்த வெங்காயம் அதற்கு மேல் அலங்காரம், அவ்வளவுதான். நம் ஊர் நாசி லெமாக்கில் பாண்டான் இலையும் உப்பும், சில வீடுகளில் ஒரு துண்டு இஞ்சியும். ஆக, மூன்றிலும் வித்தியாசம் சோற்றுக்குள்ளேதான் இருக்கிறது. சோறு ஒன்றாக இருந்தால் மூன்று விலை எதற்கு?

அந்த ஒரே சோறாவது உருப்படியா என்றால், அதுவும் இல்லை. பச்சை நிறம் கண்ணைப் பறித்தது. முடிச்சுப் போட்டு உலையில் போடும் பாண்டான் இலை வாசனையைத்தான் தரும், சோற்றை இப்படிப் பச்சையாக்காது. இலையை அரைத்துச் சாறு சேர்ப்பவர்கள் உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதில் புட்டி எசன்ஸ் வாடைதான் முன்னால் வந்தது. தேங்காய்ப்பால் போதுமான அளவு விட்ட சோற்றைக் கையால் பிசைந்தால் விரலில் மினுமினுப்பு ஒட்டும். இங்கே விரல் காய்ந்தே இருந்தது. நடுநடுவே கெட்டிக் கட்டிகள், அழுத்தினால் உள்ளே பருக்கை விறைப்பாக இருக்கிறது. குளிர்பெட்டியில் கிடந்து மறுபடி சூடான சோறு இப்படித்தான் ஆகும். நேற்றைய சோறா என்று கேட்டதற்குக் கடைக்காரர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, அது அவருக்குத்தான் வெளிச்சம்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். மாலை வேலை முடிந்து வரும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் வாழையிலைப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. மலிவு விலை, 2 வெள்ளி 50 காசு. தம்பிக்கு ஒன்று வாங்கிப் போனேன். இலையைப் பிரித்ததுமே புளித்த வாடை. சம்பாலைச் சோற்றின் மேலேயே அப்பியிருந்தார்கள், அதனால் முதல் வாய் வைக்கிறவருக்குச் சட்டென்று பிடிபடாது. சம்பாலை ஒதுக்கிவிட்டு அடிச் சோற்றைக் கிள்ளினால் நூல் மாதிரி இழுபட்டது. அப்படியே குப்பையில் போட்டோம். இறங்கிப் போய்க் கேட்டபோது, "காலையில கட்டினது, சூடு பண்ணிச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்றார் அந்தப் பெண்.

ஆகும். சோற்றில் வளரும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அடுப்புச் சூட்டிலேயே சாகாமல் தப்பிக்கக்கூடியவை. சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியைக் கொண்டுவரும் அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் சமைத்த உணவை 4 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பதுதான் இங்கே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. காலையில் கட்டியது மாலை ஆறு மணிக்கு விற்பனையில் இருக்கிறது, அதுவும் தேங்காய்ப்பால் சேர்த்த சோறு, நம் ஊர் வெக்கையில். பொட்டலத்தில் நேரம் எழுதிய ஒட்டுத்தாள்கூட இல்லை.

முஸ்லிம் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடியில் "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்று தாள் ஒட்டியிருக்கிறார்கள். மலாய்ச் சாப்பாடு, மலாய்ப் பெயர், கூடவே இந்தத் தாள். ஹலால் கடை என்று நினைத்துப் பலர் உட்காருகிறார்கள். இங்கே ஹலால் சான்றிதழ் தரும் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் சான்றிதழ் அங்கே எங்கும் மாட்டியிருக்கவில்லை. மக்சிக் படத்தை மட்டும் பார்த்ததற்குக் காரணம் அதுதான். சான்றிதழ் உள்ள கடைகளை ஹலால்எஸ்ஜி இணையத்தளத்திலேயே தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரிக் கடையில் நின்றால் கிண்ணம் பானைக்குள் போவதற்கு முன்பே "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். படத்தில் இருப்பது அத்தனையும் சேர்த்தா என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மாலையில் பொட்டலம் வாங்குகிறவர்கள் எப்போது கட்டியது என்று கேட்டு, அங்கேயே பிரித்து மோந்து பாருங்கள். நல்ல நாசி லெமாக்தான் வேண்டும் என்றால் கெய்லாங் சிராய், சாங்கி வில்லேஜ், ஆடம் ரோடு உணவங்காடி நிலையங்கள் இருக்கவே இருக்கின்றன. பஸ் காசு சேர்த்தாலும் இந்த 8 வெள்ளி 90 காசை விட மேல்.

புளித்த பொட்டலத்தின் படம், வாங்கிய நேரம், பணம் கட்டிய பேநவ் பதிவு மூன்றையும் சேர்த்துச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையப் படிவத்தில் அனுப்பியிருக்கிறேன். விலைப்பலகை விவகாரத்தைப் பயனீட்டாளர் சங்கத்துக்குத் தனியாக எழுதினேன். அங்கே வாங்கி வயிறு கெட்டவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் நேரத்தோடு எழுதி அனுப்புங்கள், சாப்பிட்ட மிச்சத்தைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.