மாந்தோப்பின் மேல் ஆர்டுபைலட்: ஃப்ளைட் மோடுகளைப் பற்றிய மதிப்புரை

காவேரிப்பட்டணத்தை அடுத்துள்ள எங்கள் மாந்தோப்பில் பூப்பிடிப்பை மேலிருந்து பார்ப்பதற்காக, 450 மில்லிமீட்டர் சட்டத்தில் நானே பூட்டிய குவாட்காப்டரில் (நான்கு விசிறி ட்ரோனில்) ஆர்டுபைலட் 4.5 பதிப்பை ஏற்றி, ஓராண்டுக்கும் மேலாகப் பறக்கவிட்டு வருகிறேன். ஆர்டுபைலட் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய, மூலநிரல் முழுவதும் திறந்து வைக்கப்பட்ட ஃபர்ம்வேர், அதாவது ட்ரோனுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள். கடையில் வாங்கும் ட்ரோன்கள் மறைத்து வைக்கும் முடிவுகளை எல்லாம் இது நம் கையில் கொடுத்துவிடுகிறது. அந்த முடிவுகளில் முதன்மையானது ஃப்ளைட் மோடு, அதாவது பறப்பதில் எதை ட்ரோன் தானே பார்த்துக்கொள்ளும், எதை நம்மிடம் விடும் என்ற அமைப்பு. அதைப் புரிந்துகொள்ளாமல் பறக்கவிடுபவருக்கு இந்த ஃபர்ம்வேரை நான் பரிந்துரைக்கமாட்டேன். புரிந்துகொள்ள நாள் ஒதுக்குபவருக்கு இதைவிட நம்பகமான ஒன்றை நான் கண்டதில்லை.

மோடுகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு மோடும் எந்தச் சென்சாரை நம்புகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்டெபிலைஸ் மோடு ட்ரோன் சாயாமல் சமநிலையை மட்டும் காத்துக்கொள்ளும். உயரமும் இடமும் நம் விரல்களைப் பொறுத்தவை. ஜிபிஎஸ் இல்லாவிட்டாலும், காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை அறியும் பாரோமீட்டர் பிசகினாலும் இந்த மோடு கைவிடாது என்பதால், இதை முதலில் பழகவேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் இடத்தையும் உயரத்தையும் தானே பிடித்துக்கொள்ளும் லாய்ட்டர் மோடில் த்ராட்டிலை (ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை) கீழே இழுத்து இறக்கிக்கொண்டிருக்கும்போது ஸ்டெபிலைசுக்கு மாற்றினால், அதே ஸ்டிக் நிலை மோட்டார்களை அடக்கு என்ற கட்டளையாகிவிடும். ட்ரோன் கல்லைப்போல் விழும். மோடை மாற்றுமுன் த்ராட்டிலை நடுவுக்குக் கொண்டுவரும் பழக்கம் கைக்கு வரவேண்டும்.

ஆல்ட் ஹோல்ட் மோடு பாரோமீட்டரைக் கொண்டு உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். த்ராட்டில் ஸ்டிக் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஏறாது, இறங்காது. இடத்தை மட்டும் பிடிக்காது என்பதால், ஆடி மாதக் காற்றில் அதன் போக்கிலேயே பக்கத்துத் தோப்புக்குப் போய்விடும். பாரோமீட்டரின்மேல் நேராகக் காற்றோ வெயிலோ பட்டாலும் உயரம் தடுமாறும்; அதன்மேல் சிறு ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை வைத்து மூடியபின் என் ட்ரோன் அமைதியாக நின்றது.

லாய்ட்டர் மோடு ஜிபிஎஸ், காம்பஸ் (திசைகாட்டி) இரண்டையும் சேர்த்து நம்புகிறது. ஸ்டிக்கை விட்டால் பிரேக் பிடித்து அதே இடத்தில் நிற்கும் என்பதால் புதியவர்கள் அனைவரும் இதையே விரும்புகிறார்கள். தொடக்கத்தில் நான் காம்பசைப் பேட்டரி ஒயருக்கு மிக அருகில் பொருத்தியிருந்தேன். ஒயரில் ஓடும் மின்சாரத்தின் காந்தப்புலம் திசையைப் பிறழச் செய்ததால், நிற்கவேண்டிய ட்ரோன் வட்டமிடத் தொடங்கி, வட்டம் சுற்றுக்குச் சுற்று பெரிதாகிக்கொண்டே போனது. ஆல்ட் ஹோல்டுக்கு மாற்றி, ஸ்டிக்குகளைக் கையால் இயக்கி இறக்கிக் காப்பாற்றினேன். அந்த மோடு எனக்குப் பழகியிராவிட்டால் அன்று அது ஏதாவது ஒரு கிளையில் மோதியிருக்கும். பிறகு காம்பசை ஒரு குச்சியின் உச்சியில் உயர்த்திப் பொருத்தியதும் கோளாறு நின்றது.

அதிக கவனம் கேட்பது ஆர்.டி.எல்., அதாவது புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் மோடு. ட்ரோன் குறித்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் திரும்பி, ஆர்ம் செய்த (மோட்டார்களை இயங்கவிட்ட) இடத்தின் மேலே சற்று நின்று, பிறகு இறங்கும். ஃபர்ம்வேருடன் வரும் அமைப்பில் அந்த உயரம் 15 மீட்டர். எங்கள் வரப்பிலுள்ள தென்னைகள் அதைத் தாண்டி வளர்ந்தவை. தோப்புக்குப் பின்னால் கரடு வேறு எழுந்து நிற்கிறது. 15 மீட்டர் என்பது சமவெளிக்குப் போதுமானதாக இருக்கலாம். கிருஷ்ணகிரியின் பாறை மேடுகளுக்குப் போதாது. மேலும் இந்த உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. கிணற்றடியிலிருந்து கிளம்பி, 20 மீட்டர் உயர்ந்த கரட்டுச் சரிவின்மேல் 30 மீட்டரில் பறந்தால், அங்கே தரைக்கும் ட்ரோனுக்கும் இடையில் 10 மீட்டரே மிஞ்சும். அதிலும் பாதிக்குமேல் மாமரம் எடுத்துக்கொள்ளும். நான் 40 மீட்டர் வைத்திருக்கிறேன். இந்தப் பதிப்பில் அளவைச் சென்டிமீட்டரில் எழுதவேண்டும் என்பதால் 4000 என்று பதியவேண்டும். 40 என்று பதிந்துவிட்டால் அது அரை மீட்டர்கூட ஆகாது. புறப்பட்ட இடத்துக்கு மிக அருகில் ஆர்.டி.எல். கொடுத்தால் ட்ரோன் முழு உயரத்துக்கும் ஏறாது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். தென்னை பக்கத்திலேயே இருக்கும்போது இது முக்கியம்.

ஃபர்ம்வேரில் எனக்குள்ள குறை, பேட்டரி குறையும்போது என்ன செய்வது என்ற அமைப்பு தொடக்கத்தில் செயலற்று இருப்பதுதான். ஆர்டுபைலட்டின் அமைப்புகளைக் கணினியில் மாற்ற உதவும் மிஷன் பிளானர் மென்பொருளில் நாமே அதை ஆர்.டி.எல். என்று மாற்றாவிட்டால் பேட்டரி தீரும்வரை ட்ரோன் தானாகத் திரும்பாது. எத்தனையோ வசதிகளைத் தந்தவர்கள் இதையும் முதலிலேயே இயக்கி வைத்திருக்கலாம்.

ஓசூர்ப் பக்கம் பறக்கவிடுபவர்கள் முதலில், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்கவேண்டும். அங்கே விமான ஓடுதளம் இருக்கிறது. முன் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்திலும் 120 மீட்டருக்குமேல் அனுமதியின்றி ஏறக்கூடாது.

ஃபர்ம்வேர் 6 மோடுகளுக்கு இடம் தருகிறது. ஆனால் ரிமோட்டில் உள்ள மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் வழக்கமாக 1, 4, 6 ஆகிய எண்களில் உள்ள மோடுகளே கிடைக்கும். என் ரிமோட்டில் முதல் நிலையில் ஸ்டெபிலைஸ், நடுவில் ஆல்ட் ஹோல்ட், கடைசியில் லாய்ட்டர் இருக்கின்றன. ஆர்.டி.எல்.ஐத் தனியாக வேறொரு ஸ்விட்சில் வைத்து, அதற்குச் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.