குடும்ப வரலாறு தேட எழும்பூரா, சார்பதிவாளர் ஆபீசா?

பூட்டன் பெயர்வரை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலே கேட்டால் ஆளுக்கு ஒரு கதை. பெரியப்பா கணக்கில் நாங்கள் வைகைக் கரையிலிருந்து வந்தவர்கள். அத்தை கணக்கில் தாமிரபரணிப் பக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கல்யாண வீட்டுத் திண்ணையில் இந்தச் சண்டை முற்றி, "நீதானே படிச்சவன், போய்ப் பார்த்துட்டு வா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போவதற்கு மூன்று வழிகள் இருந்தன: எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், ஊர்ப்பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகம், சென்னையின் பெரிய நூலகங்கள். மூன்றுக்கும் அலைந்துவிட்டேன். எனக்குப் பிடி கிடைத்த இடம் சார்பதிவாளர் அலுவலகம். ஆகவே நடுநிலையான தராசை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

நூலகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1896இல் திறந்த கன்னிமாராவில் பழைய மாவட்ட கெசட்டியர்கள் கிடைக்கும். ஊரில் எப்போது பஞ்சம் வந்தது, ரயில் எப்போது வந்தது என்பதற்கெல்லாம் அவை அருமையானவை. ஆனால் ஜமீன்தார், கலெக்டர் தவிர வேறு ஆள் பெயர் வராது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் வேறு ரகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் வைத்து 1994இல் தொடங்கியது. உங்கள் தாத்தா சங்கம், நாடகம், பத்திரிகை என்று ஏதாவது ஒன்றில் திரிந்தவர் என்றால் கட்டாயம் போக வேண்டும். எங்கள் தாத்தா வயலுக்கும் வீட்டுக்கும் நடுவிலேயே வாழ்ந்து முடித்தவர். நான் அங்கே இரண்டு நாள் சுகமாகப் படித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

இனி எழும்பூர். 1909இல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸாகக் கட்டிய சிவப்புக் கட்டிடம். 1973இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று பெயர் மாறியது. 1670களிலிருந்து காகிதம் இருக்கிறது, டச்சுக்காரர்களுடையதும் உண்டு. விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, அட்டவணையைப் பார்த்து, சீட்டு எழுதி நீட்டினால் கட்டு வரும். அந்தப் பழைய காகித வாசனைக்காகவே ஒருமுறை போகலாம். சிக்கல் என்னவென்றால், அங்கே எல்லாம் துறைவாரியாக, தேதிவாரியாக அடுக்கியிருக்கும். வருவாய் வாரிய நடவடிக்கை, இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன எண். அரசாங்கத்தோடு வழக்கு வைத்தவன், அரசாங்கச் சம்பளம் வாங்கியவன், மனு மேல் மனு போட்டவன் எல்லாம் அதில் அகப்படுவார்கள். ஒழுங்காகத் தீர்வை கட்டிவிட்டு வீட்டுக்குப் போன குடியானவன் அகப்படமாட்டான். எங்கள் ஆட்கள் ஒழுங்காகக் கட்டித் தொலைத்திருக்கிறார்கள்.

ஆனால் என்னோடு வந்த நண்பருக்கு அதே எழும்பூரில் புதையல் கிடைத்தது. அவர் முன்னோர்கள் ஒரு கோயிலுக்குப் பூக்கட்டும் ஊழியம் செய்து அதற்கு மானிய நிலம் அனுபவித்தவர்கள். 1858இல் இனாம் கமிஷன் அமைத்து, அடுத்து வந்த ஆண்டுகளில் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து எழுதினார்கள். அந்த இனாம் பதிவேட்டில், 'ஐஎஃப்ஆர்' என்று சொல்வார்களே, மானியத்தை முதலில் வாங்கியவர் யார், இப்போது அனுபவிக்கிறவர் யார், அவர் வயது என்ன, முதலாமவருக்கு இவர் என்ன உறவு என்று கலம் கலமாக இருக்கும். ஒரே பக்கத்தில் நண்பருக்கு நான்கு தலைமுறை. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கட்டின் நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே, உங்கள் குடும்பத்தில் மானியம், இனாம், ஊழியம் என்று ஒரு சொல் காதில் விழுந்திருந்தால் நேரே எழும்பூருக்கே போங்கள். மேலே படிக்கக்கூட வேண்டாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது சார்பதிவாளர் அலுவலகம். காரணம் ஒன்றுதான்: அங்கே நிலத்தைக் கொண்டு தேடலாம்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று நடை ஆயிற்று. முதல் தடவை பூட்டன் பெயரை எழுதிக்கொண்டு போய் நின்றேன். வாங்கிப் பார்த்த எழுத்தர் சிரித்துவிட்டார். "சார், இந்தப் பேர்ல அந்த ஊர்ல நாலு தெருவுக்கு நாலு பேர் இருந்திருப்பாங்க." பெயரைக் கொண்டு தேடும் அட்டவணை இல்லாமல் இல்லை. பதிவுச் சட்டப்படி ஆள் பெயருக்கு ஒரு அட்டவணை, சொத்துக்கு ஒரு அட்டவணை என இரண்டும் வைத்திருக்க வேண்டும். நம் பெயர்தான் காலை வாருகிறது. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்குக் கிடையாது. பேரனுக்குப் பாட்டன் பெயர். கருப்பையா மகன் முத்தையா, முத்தையா மகன் கருப்பையா, அந்தக் கருப்பையா மகன் மறுபடி முத்தையா. 1910இல் வரும் முத்தையாவும் 1950இல் வரும் முத்தையாவும் அட்டவணையில் ஒரே ஆள்போலத்தான் நிற்பார்கள். பங்காளி வீட்டிலும் அதே இரண்டு பெயர்களைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தார்கள் என்றால் முடிந்தது கதை.

வயல் அப்படிப் பெயர் மாற்றாது. ஒரு சர்வே நம்பரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால், அதில் யார் யார் வந்து போனார்கள் என்று வரிசையாகத் தெரியும். விற்றவன், வாங்கியவன், அடமானம் வைத்தவன், பங்கு பிரித்தவன் எல்லாரும் தகப்பன் பெயரோடும் ஊரோடும் வந்து நிற்பார்கள். இந்தப் பத்திரங்களை எல்லாம் முதல் புத்தகம் என்பதில் சொல்லுக்குச் சொல் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பெட்டியில் இருந்த மூலப்பத்திரம் கரையானுக்குப் போனாலும் அங்கே பிரதி உண்டு. அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் இருக்கும் மூன்றாம் புத்தகம் மட்டும் அப்படியில்லை. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோதான் நகல். காலமான பிறகு யார் கேட்டாலும் தருவார்கள். செத்தவர்களைத் தேடுகிற நமக்கு இது போதும்.

சர்வே நம்பரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. என் இரண்டாவது நடையைத் தின்றது அதுதான். கையில் இருக்கும் பட்டாவில் உள்ள எண், 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது, 'யூடிஆர்' என்பார்களே, அதற்குப் பிந்தியது. எங்கள் ஊரில் அதற்கு முன் வேறு எண். புது எண்ணை எழுதிக் கொடுத்து 1930களில் தேடச் சொன்னேன். யாருடைய புஞ்சையோ வந்தது. அதற்கும் பணம் கட்டினேன். பிறகுதான் விஏஓவிடம் அ-பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களின் பட்டியலை, பார்க்கத் தோன்றியது. அதில் புது எண்ணும் பழைய எண்ணும் பக்கத்துப் பக்கத்துக் கலத்தில் இருக்கின்றன. கால் மணி நேர வேலை. இதை முதலில் செய்துவிட்டு அலுவலகத்துக்குப் போங்கள். கூடவே, 1930இல் உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன, பழைய புத்தகங்கள் வேறு ஊரில் கிடக்கலாம்.

பதிவுத்துறை இணையதளத்திலும் வில்லங்கச் சான்று (ஈசி) போட்டுப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலும் 1975க்குப் பிந்தியதுதான் அதில் ஏறியிருக்கிறது. அப்பா காலம் தெரியும், பூட்டன் காலம் தெரியாது. அதற்கு அலுவலகத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டி எழுதித் தரும் மேனுவல் ஈசிதான் கதி.

மூன்றாவது நடையில் வந்தது 1934ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். பூட்டனும் அவர் தம்பியும் என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பத்திரத்தில் மூன்று பேர். நஞ்சை இவ்வளவு, புஞ்சை இவ்வளவு, கிணற்றில் மூன்றில் ஒரு பாத்தியம், மேலக்காட்டுப் புளியமரம் இரண்டு, பித்தளை அண்டா ஒன்று என்று ஆளுக்கு ஒரு ஷெட்யூல். அந்த மூன்றாவது ஷெட்யூலில் இருந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால், நான்கு வருஷம் கழித்து அதை ஒருவர் முகவர் மூலம் விற்றிருக்கிறார். "ஹால் ரங்கோனில் வியாபாரம்" என்று எழுதியிருக்கிறது. பத்திர பாஷையில் ஹால் என்றால் தற்சமயம். ரங்கூனுக்குப் போன ஒரு மனுஷனை இந்தக் குடும்பம் அப்படியே மறந்துபோயிருக்கிறது.

செக்குபந்தியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வாய்க்கால் என்று வருகிற நான்கெல்லைதான். அதில் வருகிறவர்கள் பாதிப்பேர் பங்காளிகள். பெண்கள் பக்கம் தேடுகிறவர்கள் விடுதலைப் பத்திரங்களைக் கேளுங்கள். அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து அக்காள் தங்கைகள் எழுதிக் கொடுத்தவை அவை. சொத்து போன துக்கம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஒரு காகிதத்தில்தான் அவர்கள் பெயரும், கட்டிக்கொடுத்த ஊரும், புருஷன் பெயரும் சேர்ந்து கிடைக்கின்றன. ஆள் பெயர் அட்டவணையில் பெரும்பாலும் இன்னார் பாரியாள் என்றுதான் முடிந்துபோகிறார்கள்.

படிப்பதற்கு ஒரு வாரம் பழக்கம் வேண்டும். பழைய கையெழுத்தில் புள்ளி வைக்கமாட்டார்கள், காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ௸ என்று வந்தால் மேற்படி, ௵ வருஷம், ௴ மாதம், ௹ ரூபாய். 'கீறல்' என்றிருந்தால் கையெழுத்துப் போடத் தெரியாதவர் இழுத்த கோடு. ஒரே பத்தியில் பதினைந்து ௸ வரும். எந்த மேற்படி எந்த ஆளுக்கு என்று பென்சிலால் கோடு போட்டுத்தான் நான் பிரித்தேன். வருவாய்க் கணக்குகளில் பசலி என்ற வருவாய் ஆண்டு வரும். 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஜூலை மாதத்து ஆங்கில வருஷம் கிடைக்கும்: பசலி 1310 என்பது 1900 ஜூலையிலிருந்து 1901 ஜூன் வரை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பதிவுச் சட்டம் 1864இல் வந்தது, அதற்கு முந்திய காலத்துக்கு இந்த வழி இல்லை. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; அந்தக் காலத்தில் நூறு ரூபாய் என்பது சின்னச் சம்சாரிக்குப் பெரிய தொகை, அதனால் நிறையக் கைமாற்றங்கள் பதிவிலேயே ஏறியிருக்காது. நான் போன அலுவலகத்தில் ஐந்தாறு வருஷத்துப் புத்தகங்கள் தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தன, எடுத்துத் தர மறுத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய குறை, நிலமே இல்லாத குடும்பத்துக்கு நான் சொன்னது எதுவும் உதவாது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் உழைத்தவர்கள் எந்தப் பத்திரத்திலும் எழுதி வாங்கியவராக வரவில்லை. விசித்திரம் என்னவென்றால், ஊரைவிட்டுப் போனவர்களுக்குத்தான் காகிதம் மிஞ்சியிருக்கிறது. 1860க்கும் 1911க்கும் இடையில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறிய ஒன்றரை லட்சத்துச் சொச்சம் பேருக்கும் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, உடம்பில் உள்ள தழும்புகூட. அவர்களோடு பிறந்து இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. சர்ச்சுப் பதிவேடுகளில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் வரிசையாக இருக்கும் என்று கிறிஸ்தவ நண்பர்கள் சொல்கிறார்கள். புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதிவைத்த பிறப்பு, இறப்புப் பதிவுகள் இருக்கின்றன. இரண்டிலும் எனக்கு நேரடி அனுபவம் இல்லை, அதனால் ஒப்பிடவில்லை.

கல்யாண வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்தது 1908ஆம் வருஷத்து அடமானப் பத்திரம், நூற்றைம்பது ரூபாய்க்கு. அதே சர்வே நம்பர்தான். ஓட்டன் எழுதிக் கொடுத்தது. பக்கத்துத் தாலுகாவில் ஒரு ஊரைச் சொல்லி, அங்கே பூர்வீகம், ஹால் இந்த ஊரில் குடியிருப்பு என்றிருக்கிறது. வைகையும் இல்லை, தாமிரபரணியும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு மைல். பெரியப்பாவும் அத்தையும் சேர்ந்து என்மேல் கோபமாக இருக்கிறார்கள்.

அப்பத்தாவிடம் மட்டும் பத்திரத்தின் கடைசி வரியை இன்னும் படித்துக் காட்டவில்லை. தன் மாமனாரின் அப்பா கணக்கில் புலி, ஜில்லா கலெக்டருக்கே மனு எழுதிக் கொடுத்தவர் என்று எண்பத்தெட்டு வயதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், நகல் எடுத்தவர் அழகான எழுத்தில் 'கீறல்' என்று எழுதியிருக்கிறார்.