பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

ஒருநாள் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகி, மறுநாள் முரண்டு பிடிக்கும் வண்டியை என்ன செய்வது என்று தவிப்பவர்களுக்கு.

செலவு: வைத்திருந்தால் சில்லறைச் செலவு ஓயாது. விற்றால் கையில் பணம் வரும். அதே வண்டி திரும்பக் கிடைப்பது கடினம்.

பராமரிப்பு: முடிவைத் தீர்மானிப்பது இதுதான். பிளக்கில் தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்டின் இடைவெளி பார்க்க வேண்டும், பிளக்கில் படியும் கரியைச் சுரண்ட வேண்டும். ஓட்டாமல் நிறுத்தினால் இன்னும் மோசம்: கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பிசினாகி, ஜெட் எனும் நுண்ணிய பெட்ரோல் துளையை அடைக்கும், ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். ஆசைக்காகப் போர்த்தி மூலையில் வைப்பது அன்பே அல்ல.

நம்பகம்: அவசரத்துக்கு உதவாது.

வாரம் ஒருமுறையாவது ஓட்டுபவர், ஸ்பானர் பிடிக்கத் தயங்காதவர் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போக இது ஒன்றுதான் வண்டி என்றால் விற்றுவிடுங்கள். கூடுதல் விலை சொல்பவரைவிட, இன்ஜின் சத்தத்திலேயே கோளாறைக் கண்டுபிடிப்பவரிடம் கொடுங்கள். பெயர் மாற்றத்தையும் கையோடு முடித்துவிடுங்கள்.